துணியின் ஈரத்தை வெப்பத்தால் அறிதல்

துணியில் ஈரம் உண்டா என்று அறிய நாம் அதைக் கையால் தொட்டுப் பார்க்கிறோம். ஆயின் மனிதனுடைய தோலில் ஈரத்தை நேராக உணரும் உறுப்பு எதுவும் இல்லை. குளிர்ச்சியையும் தொடுகையையுமே தோல் உணர்கிறது. அவ்விரண்டையும் சேர்த்து நம் மூளை ‘ஈரம்’ என்று முடிவு செய்கிறது. ஆகவேதான் பனிக்காலத்தில் பெட்டியிலிருந்து எடுத்த உலர்ந்த வேட்டி ஈரமாகத் தோன்றுகிறது. வெயிலில் சூடேறிய துணியோ சற்று ஈரமிருந்தும் உலர்ந்ததாகத் தோன்றுகிறது.

கை செய்யும் இவ்வேலையை அளவோடு செய்வதே வெப்ப உணர்கருவி. அது இரண்டு இயல்புகளைப் பயன்படுத்துகிறது.

முதலாவது, வெப்பம் கடத்தல். உலர்ந்த துணியின் இழைகளுக்கிடையே அசையாத காற்று நிற்கிறது. துணி நனைந்தால் அவ்விடத்தை நீர் பற்றிக்கொள்கிறது. காற்றைவிட நீர் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ‘தெர்மிஸ்டர்’ என்பது வெப்பத்திற்கேற்ப மின்தடை மாறும் ஒரு சிறு மணி. சிறிதளவு மின்சாரத்தால் அதைச் சூடாக்கித் துணியோடு பொருத்தினால், உலர்ந்த துணியில் அதன் சூடு விரைவாக ஏறும்; ஈரத்துணியில் சூடு பரவிவிடுவதால் மெல்லவே ஏறும். இவ்வேறுபாட்டைக் கொண்டு ஈரத்தைக் கணிக்கலாம். மணி மிகச் சிறியதாதலின், உடையிலேயே வைத்துத் தைத்து, அணிந்தவரின் வியர்வையை அறியவும் இயலும்.

இரண்டாவது, ஆவியாதல். ஒரு கிராம் நீர் உடல் வெப்பநிலையில் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை உட்கொள்கிறது. ஆகவே, உலரும் துணி தன்னைச் சூழ்ந்த காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகள் இதே இயல்பினால் இயங்குவனவே.

எனினும் துணியின் தடிப்பு, நெசவின் நெருக்கம், அழுத்தம் ஆகியன மாறினால் கருவியின் கணக்கும் மாறும். ஆதலின், ஈரம் இன்னதென்று தெரிந்த அதே வகைத் துணியோடு அதை ஒப்பிட்டுச் சரிசெய்தல் வேண்டும். அந்த ஈரத்தைத் தெரிவிப்பது தராசே. மாதிரியை நிறுத்து, 105 டிகிரி செல்சியஸ் சூட்டில் எடை மேலும் குறையாதவரை உலர்த்தி, மீண்டும் நிறுக்க வேண்டும். குறைந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஈரப்பேறு கிடைக்கும். வாணிபத்தில் பருத்தி நூலுக்கு 8.5 சதவிகிதமும், பட்டுக்கு 11 சதவிகிதமும் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகள்.

இக்கணக்கு நம் சங்கங்களுக்கு நேரே பயன்படுவது. 8.5 சதவிகித ஈரப்பேறுள்ள 10 கிலோ பருத்தி நூலில் உலர்ந்த பஞ்சு 9.217 கிலோ மட்டுமே, எஞ்சியது நீர். வறண்ட காற்றில் அந்நூலின் ஈரப்பேறு 5 சதவிகிதமாகக் குறைந்தால் எடை 9.677 கிலோவாகும். ஒரு முழம் நூலும் தொலையாமலே ஏறத்தாழ 320 கிராம் குறைந்துவிடுகிறது! எடை குறைந்ததென்று நெசவாளியின் நேர்மையில் ஐயங்கொள்ளும் முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டாமா? அவ்வாறே, மிகுந்த ஈரத்தோடு வரும் நூலை எடைபோட்டு வாங்கும் சங்கம் நீருக்கும் நூலின் விலையையே கொடுக்கிறது.

ஆகவே நூல் கொடுக்கும் நாளிலும் துணி பெறும் நாளிலும் சிறு மாதிரியைக் காற்றுப் புகாத டப்பியில் உடனே இட்டு, உலர்ந்த எடையைக் காணுதல் நலம். கஞ்சியின் எடையையும் நெசவுக் கழிவையும் தனியே கணக்கிட வேண்டும். எடை குறிக்கும் ஏட்டில் ஈரப்பேற்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்கினால், வழக்கு எழும்போது இரு சாராருக்கும் அதுவே சான்றாகும்.