கேரியர் பைப் எப்போ வளையும்? ஒரு எஸ்.ஓ.எம். கணக்கு

அனுப்பர்பாளையத்துல வேன் கேரியர் மேல அண்டாவும் துணி மூட்டையும் ஏறும். பிச்சாவரம், முட்டுக்காடு மாதிரி ஊருக்குப் போறவங்க கார் மேல கயாக் படகு ஏறும். ஏறுறது எதுவானாலும், அதைத் தாங்குறது இரண்டு குறுக்குப் பைப்தான். அதுல துரு தெரிஞ்சா பெயின்ட் அடிச்சு விட்டுடறோம். அது போதுமா? நாம படிச்ச சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம் கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

கயாக் எடை 30 கிலோன்னு வெச்சுக்குவோம். ஒரு பைப்புக்கு 15 கிலோ, அதாவது சுமார் 150 நியூட்டன். பைப் நீளம் 1.2 மீட்டர், சுமை நடுவில். பெண்டிங் மொமன்ட் = சுமை × நீளம் ÷ 4 = 45 நியூட்டன் மீட்டர். வண்டி பள்ளத்துல குதிக்கும்போது மூணு மடங்குன்னு எடுத்தா 135.

பைப் 25 மி.மீ. விட்டம், 1.6 மி.மீ. கனம். செக்‌ஷன் மாடுலஸ் 647 கன மி.மீ. வரும். ஸ்ட்ரெஸ் சுமார் 209 மெகாபாஸ்கல். மைல்டு ஸ்டீலோட ஈல்டு சுமார் 250. அதனால புது பைப் தாங்கிடும்.

ஈரப் படகுல இருந்து சொட்டுற தண்ணீர், மூடாத பைப் முனை வழியா உள்ளே போகும். உப்புத் தண்ணீர்னா துரு இன்னும் வேகம். உள்பக்கம் அரிச்சு கனம் 1 மி.மீ. ஆனா, மாடுலஸ் 435, ஸ்ட்ரெஸ் 310. ஈல்டைத் தாண்டியாச்சு! வண்டி நிக்கும்போது ஸ்ட்ரெஸ் 103தான், அதனால வீட்டு வாசல்ல ஒண்ணும் தெரியாது. அவிநாசி ரோட்டுப் பள்ளத்துலதான் தெரியும், அதுவும் பின்னால வர்ற டூவீலர்காரருக்கு.

மாத்தும்போது கவனிக்க வேண்டியவை:

1. இரண்டு பைப்பையும் சேர்த்தே மாத்துங்க. இரண்டும் ஒரே மழையில நனைஞ்சதுதான்.

2. கனத்தை விட விட்டத்தைக் கூட்டுறது லாபம். அதே 1.6 மி.மீ. கனத்துல 32 மி.மீ. பைப் போட்டா எடை 30 சதவீதம்தான் கூடும், மாடுலஸ் 70 சதவீதம் கூடும். ஸ்ட்ரெஸ் 122க்கு இறங்கிடும். கிளாம்ப்பும் அதே அளவுக்கு மாறணும்.

3. எஸ்.எஸ். பைப்பை இரும்பு கிளாம்ப்புல நேரா மாட்டாதீங்க. ஈரம் பட்டா இரும்பு சீக்கிரம் அரிக்கும். நடுவில ரப்பர் ஷீட் வைங்க.

4. முனைக்கு மூடி போடுங்க. நைலாக் நட் போடுங்க, அதிர்வுல கழலாது.

5. படகோட முன், பின் முனைகளை பம்பர் பக்கமும் கட்டுங்க. வேகம் 40ல இருந்து 80 ஆனா காத்து தூக்குற விசை நாலு மடங்கு.

கட்டி முடிச்சதும் படகைப் பிடிச்சு ஆட்டுங்க. வண்டியே சேர்ந்து ஆடினா கட்டு சரி. படகு மட்டும் ஆடினா இன்னும் இறுக்கணும்.

உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க்: அதே 0.6 மி.மீ. உள்ளே அரிக்காம, வெளிப்பக்கம் முழுக்கத் தேஞ்சா ஸ்ட்ரெஸ் 310ஐ விடக் கூடுமா, குறையுமா? போட்டுப் பாருங்க. அப்புறம் உங்க வீட்டு வண்டி கேரியரையும் ஒரு தடவை தட்டிப் பாருங்க.