பேதியும் நீரும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: பேதியாகும் குழந்தைக்கு நீர் கொடுத்தால் பேதி அதிகமாகும், வயிற்றைக் காயப்போடுவதே நல்லது.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. கொடுத்த நீரெல்லாம் கண்ணெதிரே வெளியேறக் காணும் தாய்க்கு, கொடுக்காமல் இருப்பதே விவேகம் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் பேதியில் உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் உடலிலிருந்து நீரும் உப்பும் வற்றிப்போவதே ஆகும். குடல் எவ்வளவு சீர்கெட்டிருந்தாலும், சர்க்கரையும் உப்பும் தக்க விகிதத்தில் சேர்ந்து வருமானால், சர்க்கரையோடு உப்பும் அவற்றோடு நீரும் உட்புகும் வழி ஒன்று அதில் அடைபடாமலே இருக்கிறது. 1968-இல் டாக்காவின் காலரா ஆராய்ச்சிக் கூடத்தில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் காஷும் இதைக் காலரா நோயாளிகளிடம் பரீட்சித்து, நரம்பில் ஏற்ற வேண்டிய திரவத்தின் பெரும்பகுதியை வாய் வழியாகவே கொடுத்துவிடலாம் என்று நிரூபித்தார்கள். தாய்ப்பாலையோ ஆகாரத்தையோ நிறுத்த வேண்டியதும் இல்லை.

நம்பிக்கை: கைகண்ட அனுபவமே போதும்; ஆராய்ச்சிப் பிரமாணம் எதற்கு?

கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, டாக்கா பரீட்சைக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1953-இல், காலரா கண்ட 186 பேருக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழி கொடுத்துக் குணப்படுத்தியதாக லான்செட் பத்திரிகையில் எழுதினார். கரைசல் பெறாத நோயாளிகளோடு ஒப்பிட்டுக் காட்டாததால் வைத்திய உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. கையில் இருந்த சிகிச்சை, பிரமாணம் போதாமல் அத்தனை ஆண்டுகள் காத்துக் கிடந்தது. இடையில் மாண்டவர்களை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

நம்பிக்கை: பாட்டில் ஏற்றுவதுதான் உண்மையான வைத்தியம்; கரைசல், வசதியற்றவர்களுக்கான சமாதானம்.

நினைவிழந்து, நாடி தளர்ந்து, குடிக்கவும் இயலாத நிலையில் இருப்பவருக்கு நரம்பில் திரவம் ஏற்றத்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. மற்றவர்களைப் பற்றி 1971-ஆம் ஆண்டு சொல்லும் சாட்சியத்தைக் கேட்க வேண்டும். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து லட்சக்கணக்கில் அகதிகள் எல்லை தாண்டி வந்து, மேற்கு வங்காளத்துப் பன்கான் ஊரில் காலராவுக்கு இரையாகிக்கொண்டிருந்தபோது, அங்கிருந்த சிறிய மருத்துவமனையில் படுக்கைகள் போதாமல் நோயாளிகள் தரையில், தம் வாந்தியிலும் மலத்திலும் கிடந்தார்கள், பாட்டில்களும் தீர்ந்துகொண்டிருந்தன. டாக்டர் திலீப் மஹலநாபிஸ், லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற கணக்கில் பொட்டலம் கட்டிக் கல்கத்தாவிலிருந்து தருவித்து, பீப்பாய்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கைகளிலேயே குவளையைக் கொடுத்துப் புகட்டச் செய்தார். முன்பு நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், கரைசல் பெற்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரில் மரணம் 3.6 சதவீதமாகத் தாழ்ந்தது. புகட்டிய கைகள் வைத்தியம் கற்ற கைகள் அல்ல. தாயும் தமக்கையும் அண்டை வீட்டாருமே அன்று தாதிகளாக இருந்தார்கள். 1978-இல் உலக சுகாதார நிறுவனம் பேதி நோய்த் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கி இந்தச் சிகிச்சையை உலகுக்குப் பொதுவாக்கியது.

நம்பிக்கை: ஆராய்ச்சி டாக்டர்களின் காரியம், சர்க்கார் உத்தரவு பிறந்துவிட்டால் செவிலியர் அதை நிறைவேற்ற வேண்டியதுதான்.

உத்தரவு பிறப்பது வேறு, வீட்டுக்குள் புகுவது வேறு. பங்களாதேஷில் பிராக் என்னும் தொண்டு நிறுவனம், 1980 முதல் பத்தாண்டுகளில், ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பி, மூன்று விரல் உப்பும் ஒரு பிடி வெல்லமும் அரை சேர் நீரும் கலக்கும் முறையைத் தாய்மார்களுக்குக் கற்பித்தது. எத்தனை வீடு ஏறி இறங்கினாள் என்பதைப் பாராமல், தாய்மார்கள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பின்னர் சோதித்தே ஊழியரின் ஊதியத்தை நிர்ணயித்தார்கள். அப்படியும் கற்றவர்களில் பலர் கரைசலைக் கொடுக்கவில்லை. காரணத்தை ஆராய்ந்தபோது, கற்பித்த ஊழியர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை என்பதும், வீட்டு ஆண்களிடம் எவரும் பேசவில்லை என்பதும் வெளிப்பட்டன. இரண்டையும் திருத்திய பிறகே திட்டம் வேரூன்றியது. வாசற்படியில் நிற்கும் செவிலி கண்டு வந்து சொல்வதும் ஆராய்ச்சியே என்றும், அதைக் கேளாத சர்க்கார் தன் உத்தரவின் பாதியை இழக்கிறது என்றும் நான் உறுதியாக நம்புகிறேன்.

நம்பிக்கை: ஜனங்கள் பொட்டலத்தை விரும்புவதில்லை, மருந்தைத்தான் கேட்கிறார்கள்.

இது வைத்தியம் செய்பவர்களின் மூடநம்பிக்கை. கர்நாடகத்திலும் பீகாரிலும் 253 ஊர்களில் பயிற்சி பெற்ற நடிகர்களைப் பேதி கண்ட குழந்தையின் தந்தையராக வைத்தியர்களிடம் அனுப்பி நடத்தப்பட்டு, 2024-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு ஒன்று, ஓ.ஆர்.எஸ். என்னும் இந்த உப்பு-சர்க்கரைக் கரைசலை எழுதித் தராமல் விடுவதற்கான காரணங்களை அளந்து பார்த்தது. சரக்கு இல்லாமை 6 சதவீதம், லாப நோக்கு 5 சதவீதம். 'இவர் இதை விரும்பமாட்டார்' என்ற வெறும் அனுமானமோ 42 சதவீதம்! வந்தவர் தாமாகவே ஓ.ஆர்.எஸ். மேல் விருப்பம் தெரிவித்தபோது, அது எழுதித் தரப்பட்ட விகிதம் 27 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது.

ஆதலால், வீட்டில் குழந்தைக்குப் பேதி கண்டால், துணை சுகாதார நிலையத்துக்கோ மருந்துக் கடைக்கோ போய், ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையும், குழந்தையின் வயதுக்கேற்ற அளவில் 14 நாட்களுக்கான துத்தநாக மாத்திரையையும் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். பொட்டலத்தில் குறித்துள்ள அளவு சுத்தமான நீரில் முழுவதையும் ஒரே தடவையாகக் கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திராதீர்கள். குழந்தை குடிக்க மறுத்தாலோ, சோர்ந்து கண் செருகினாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். போகும் வழியிலும், விழுங்க முடிகிற வரையில், கரைசலைக் கொடுத்துக்கொண்டே செல்லுங்கள்.