தலைவர் வந்து போன பின்னர்

(சங்கக் கூட்டங்களில் வாசித்துக் கலந்துரையாடுவதற்கான பாடம்)



மாநகர முதல்வரோ பிரதேச சபைத் தவிசாளரோ நமது கிராமத்திற்கு வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். வாழை கட்டுவோம், நிறைகுடம் வைப்போம், பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நிற்பார்கள். மாலை, பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரை எல்லாம் முடிய ஒரு மணித்தியாலம் ஆகும். அவர் அடுத்த நிகழ்ச்சிக்குப் புறப்பட்டு விடுவார். மறுநாள் காலை பார்த்தால், உடைந்த மதகு உடைந்தபடியே கிடக்கும்.

இது யாருடைய பிழை? வந்தவருடையதா, வரவேற்றவர்களுடையதா? பார்த்தல், சிந்தித்தல், செயற்படுதல் என்ற மூன்று படிகளில் இதனை ஆராய்வோம்.

1. பார்ப்போம்: முதல்வரின் ஒரு வாரம்

வன்னிப் பெருநிலப்பரப்பில் நீண்ட காலமாக நகரசபையும் பிரதேச சபைகளுமே இருந்தன. வவுனியா நகரசபை மாநகரசபையாகத் தரமுயர்த்தப்பட்டது. 2025 மே 6 ஆம் திகதி நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலின் பின்னர் அங்கு மாநகர முதல்வர் ஒருவர் பதவியேற்றார். ஏனைய இடங்களில் அதே பொறுப்பைத் தவிசாளர்கள் வகிக்கின்றனர்.

இவர்களுடைய வாரம் பெரும்பாலும் இவ்வாறே அமையும்: முன்பள்ளி விளையாட்டுப் போட்டி, பாடசாலைப் பரிசளிப்பு விழா, கோயில் தேர், தேவாலயப் பெருநாள், முதியோர் இல்லத்தில் மதிய உணவு, இரத்ததான முகாம், உலர் உணவுப் பொதி வழங்கல், ஒரு மரணச் சடங்கு. இவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். துக்க வீட்டில் வந்து அமர்ந்திருக்கும் தலைவர் அந்தக் குடும்பத்திற்கு ஆறுதல் தருகிறார். முதியோர் இல்லத்திற்குச் செல்பவர் மறக்கப்பட்டவர்களை நினைவுகூருகிறார்.

ஆனால் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். சங்கிலி அணிந்த முதல்வர் ஊர் ஊராகச் சென்று விழாக்களில் பங்குபற்றும் வழக்கம் பிரித்தானியாவிலிருந்து நமக்கு வந்தது. அங்கு பல நகரங்களில் முதல்வர் பதவி ஒரு கௌரவப் பதவியே. தமது பதவி ஆண்டுக்கென ஒன்றிரண்டு தர்ம ஸ்தாபனங்களைத் தெரிவு செய்து, அவற்றிற்கு நிதி திரட்டுவது அவர்களுடைய முக்கிய பணியாகும். நமது நாட்டில் நிலைமை வேறு. இங்கு முதல்வரும் தவிசாளரும் சபையின் நிறைவேற்றுத் தலைவர்கள். வீதி, விளக்கு, சந்தை, நூலகம், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றிற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். ஆகவே அவர் நமது ஊருக்கு வருவது விழாவிற்காக மட்டும் அல்ல, பணிக்காகவும்தான்.

2. சிந்திப்போம்: தர்மம் எது, கடமை எது?

முதியோர் இல்லத்திற்கு ஒரு நேர உணவு வழங்குவது தர்மம். சபைக்குரிய வீதியைத் திருத்துவது தர்மம் அல்ல, கடமை. அதற்குரிய பணம் வரி, சந்தைக் குத்தகை, அனுமதிக் கட்டணம், அரச நிதி ஆகிய வழிகளில் சபைக்கு வருகின்ற பொதுமக்களின் பணம். அந்த வேலைக்கு நன்றி சொல்லலாம். ஆனால் கைகூப்பி இரந்து பெற வேண்டியதில்லை.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் இதனைச் சிறப்பாக உணர வேண்டும். "இது எங்களுடைய ஊர் அல்ல, நாங்கள் கேட்கலாமா?" என்று பலர் தயங்குகின்றனர். வீதியில் நடப்பதற்கும், பொதுக் கிணற்றில் நீர் அள்ளுவதற்கும், டெங்கு வராமல் வடிகால் துப்புரவாக இருப்பதற்கும் காணி உறுதி தேவையில்லை. சபை எல்லைக்குள் வசிப்பவர் எவரும் கேட்கலாம்.

நமது பகுதியில் இந்தச் சபைகள் இலகுவாகக் கிடைத்தவையும் அல்ல. பிரதேச சபைகள் சட்டம் 1987 ஆம் ஆண்டில் வந்தது. ஆனால் போர் முடிந்த 2009 இன் பின்னரும் கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு சபைகளுக்கான தேர்தல் பல தடவைகள் பின்போடப்பட்டு, 2018 பெப்ரவரி 10 இலேயே நடைபெற்றது. பின்னர் 2023 மார்ச் தொடக்கம் 2025 தேர்தல் வரை நாடெங்கும் சபைகள் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்கள் இன்றி அதிகாரிகளாலேயே நடத்தப்பட்டன. இவ்வளவு காத்திருந்து பெற்ற சபையை மாலை போடுவதற்கு மட்டும் பயன்படுத்தலாமா?

திருவிவிலியத்தில் சாமுவேலைப் பாருங்கள். அவர் ஆண்டுதோறும் பெத்தேல், கில்கால், மிஸ்பா ஆகிய இடங்களுக்குச் சுற்றி வந்தார். விருந்துண்ண அல்ல, மக்களுடைய வழக்குகளைக் கேட்டு நீதி வழங்கவே சென்றார். முதுமையில் மக்கள் முன் நின்று, தாம் எவருடைய எருதையாவது கழுதையையாவது கவர்ந்ததுண்டா, எவரையாவது ஒடுக்கியதுண்டா என்று தாமே கணக்குக் கேட்டார். சுற்றி வருவதும் கணக்குக் கொடுப்பதும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன.

நம்மவர் கண்ட ஓர் உதாரணம்

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். அதனை ஆரம்பித்தவர் முதல்வர் அல்லர், க. மு. செல்லப்பா என்ற ஒரு தனிமனிதர். 1933 இல் தமது வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் நூலகம் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணம் 1949 இல் மாநகரசபையாகி, சாம் சபாபதி அதன் முதலாவது முதல்வரானார். அவரும், புனித பத்திரிசியார் கல்லூரி அதிபராயிருந்த லோங் அடிகளாரும், ஊர்ப் பெரியோரும் ஒரு குழுவாகச் சேர்ந்து பெரிய கட்டடத்திற்கு நிதி திரட்டினர். 1954 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1959 ஒக்டோபர் 11 இல் அதனைத் திறந்து வைத்த முதல்வர் அல்பிரட் துரையப்பா. 1981 இல் எரிக்கப்பட்ட அந்த நூலகம் மீண்டும் கட்டப்பட்டு இன்றும் இயங்குகின்றது.

அடிக்கல் நாட்டிய காலத்து முதல்வர் ஒருவர். திறந்து வைத்த முதல்வர் வேறொருவர். செல்லப்பா தொடங்கிய நாளிலிருந்து 26 ஆண்டுகள் சென்றன. முதல்வர்கள் மாறினாலும் வேலை நிற்கவில்லை. ஏனெனில் அதைக் கைவிடாத மக்கள் குழு ஒன்று இருந்தது. தலைவரின் வருகை விதை போன்றது. தண்ணீர் ஊற்றுபவர்கள் ஊரில் இருக்க வேண்டும்.

3. செயற்படுவோம்

அ) சரியான இடத்தில் கேட்போம். தவிசாளரிடம் காணி கேட்டு, அவர் தலையசைக்க, நாம் ஆண்டுக் கணக்கில் காத்திருந்த அனுபவம் பலருக்கு உண்டு. யாரிடம் எது உள்ளது என்பதை அறிந்துகொள்ளுங்கள்:

• ஊர் உள்வீதி, மதகு, வீதி விளக்கு, சந்தை, மயானம், நூலகம், குப்பை அகற்றல் – பிரதேச சபை, நகரசபை அல்லது மாநகரசபை
• அரச காணி, அனுமதிப்பத்திரம் – பிரதேச செயலாளர்
• 80 ஹெக்டேயருக்கு (ஏறத்தாழ 200 ஏக்கர்) உட்பட்ட வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறு குளம் – கமநல அபிவிருத்தித் திணைக்களம்
• ஏ-9 போன்ற பெரிய வீதிகள் – வீதி அபிவிருத்தி அதிகார சபை
• யானைத் தொல்லை – வனஜீவராசிகள் திணைக்களம்

சபைக்கு உரியதல்லாத விடயத்திலும் தலைவர் உதவலாம். உரிய அதிகாரிக்குக் கடிதம் எழுதலாம், கூட்டங்களில் பேசலாம். ஆனால் அவரே தருவார் என்று எண்ணி இருந்துவிடக் கூடாது.

ஆ) ஒன்றை மட்டும் கேட்போம். பத்துக் கோரிக்கைகளை வாசித்தால் ஒன்றும் மனதில் நிற்காது. அவர் வருவதற்கு ஒரு வாரத்திற்கு முன்னர் கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்கார அமைப்பு ஆகியவை கூடி, மிக அவசரமான ஒன்றைத் தெரிவு செய்யட்டும். பெண்களின் கருத்தை முதலில் கேளுங்கள். தண்ணீர் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதை அதைச் சுமப்பவர்களே அறிவார்கள்.

இ) எழுத்தில் கொடுப்போம். கடிதத்தில் நான்கு விடயங்கள் போதும்: இடம் எது, குறை என்ன, எத்தனை குடும்பங்கள் பாதிக்கப்படுகின்றன, சபை என்ன செய்ய வேண்டும். "மதகு உடைந்துள்ளது" என்று மட்டும் எழுதாதீர்கள். "மாரியில் இந்த மதகின் மேல் தண்ணீர் பாய்வதால் இத்தனை பிள்ளைகள் பாடசாலை செல்ல முடிவதில்லை; இத்தனை ஏக்கர் நெல்லை உழவு இயந்திரத்தில் ஏற்றி வர முடிவதில்லை" என்று எண்ணிக்கையுடன் எழுதுங்கள். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றில் திகதியும் கையொப்பமும் பெற்றுச் சங்கக் கோவையில் வையுங்கள்.

ஈ) காலம் அறிந்து கேட்போம். தலைவர் விரும்பினாலும் சபைப் பணத்தைத் தம் விருப்பப்படி செலவிட முடியாது. அடுத்த ஆண்டுக்குரிய வரவு செலவுத்திட்டம் ஆண்டு முடிவுக்கு முன் சபையில் நிறைவேற வேண்டும். ஆகவே ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களிலேயே நமது கோரிக்கை சபைக்குப் போய்ச் சேரட்டும். காலபோகத்திற்கு நிலம் பண்படுத்துவதைப் போல இதற்கும் பருவம் உண்டு.

உ) தொடர்ந்து கேட்போம். பதில் வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்கு உள்ளது. சபையின் தகவல் அலுவலரிடம், நமது கடிதத்திற்கு என்ன நடந்தது, எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது என்று கேட்கலாம். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். நேர்மையற்ற நடுவரிடம் விடாது சென்று நீதி பெற்ற கைம்பெண்ணை நற்செய்தியில் வாசித்திருக்கிறோம். கோபமின்றி, ஆனால் ஓயாமல் கேட்பதே அவர் காட்டிய வழி.

ஊ) மானத்தைக் காப்போம். பொதி வாங்கும் தாயையும் பிள்ளையையும் முன்னே நிறுத்திப் படம் எடுப்பது வேண்டாம் என்று ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தர்மம் செய்யும்போது வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்பதே ஆண்டவரின் போதனை. பிள்ளைகளை வெயிலில் நிறுத்தவும் வேண்டாம். மாலைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு மரக்கன்று வாங்கி, வருபவர் கையால் நடச் செய்யலாம். மரத்தைப் பார்க்கும்போது அவர் தந்த வாக்கும் நினைவுக்கு வரும்.

முடிவாக

வருபவரை அன்போடு வரவேற்போம். அது நமது பண்பாடு. ஆனால் அவர் போன பின்னர் ஊரில் எஞ்சுவது வாடிய மாலை மட்டுமாக இருக்கக் கூடாது. திகதியிட்ட ஒரு கடிதம், பொறுப்பேற்ற இரண்டு பேர், அடுத்து விசாரிக்கும் நாள் ஆகிய மூன்றும் இருக்குமானால் அந்த வருகை வீண் போகாது.

கலந்துரையாடுவதற்கான வினாக்கள்

1. கடைசியாக நமது ஊருக்கு வந்த தலைவர் என்ன வாக்களித்தார்? அது எங்காவது எழுதப்பட்டுள்ளதா?
2. நமது குறைகளில் எவை சபைக்கு உரியவை? எவை வேறு அலுவலகங்களுக்கு உரியவை?
3. அடுத்த வருகையின்போது கேட்க வேண்டிய ஒரேயொரு விடயம் எது?
4. அதனைத் தொடர்ந்து விசாரிக்கும் பொறுப்பை ஏற்கும் இருவர் யார்?