வயது 8-ஆ, ஓட்டம் 140,000-ஆ? பழைய சொகுசு கார் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

ஒரே நிறுவனம், ஒரே மாடல், ஒரே நிறம். இரண்டு சொகுசு கார்கள் விற்பனைக்கு நிற்கின்றன. இரண்டுக்கும் கேட்கும் விலை 120,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் காருக்கு வயது 8. ஓடியிருப்பதோ 45,000 கிலோமீட்டர்தான். ஓய்வுபெற்ற ஒருவர் சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓட்டி வந்த கார் அது. இரண்டாவது காருக்கு வயது 5. ஆனால் 140,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. சிரம்பானிலிருந்து புத்ராஜெயாவுக்கு நெடுஞ்சாலை வழியாக வேலைக்குப் போய்வந்த ஒருவருடையது.

எதை வாங்குவீர்கள்?

நம்மில் பெரும்பாலோர் முதல் காரைத்தான் கைகாட்டுவோம். ‘மைலேஜ் குறைவு, கார் புதுசு மாதிரி இருக்கும்’ என்பதே காரணம். பல ஆண்டுச் சேமிப்பைக் கொட்டி வாங்கும் பொருளுக்கு இந்த ஒரு காரணம் போதுமா? இந்த வாரம் கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் வேதியியலும் கொண்டு இதைச் சோதித்துப் பார்ப்போம்.

இரண்டு வகை முதுமை

காரின் பாகங்கள் இரண்டு வழிகளில் முதுமை அடைகின்றன. ஒன்று, உராய்வால் வரும் தேய்மானம். இது ஓடினால்தான் நடக்கும். டயரின் பள்ளம், பிரேக் பேட், டிஸ்க், சக்கர பேரிங், அப்சோர்பர், கியர்ப்பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் தகடுகள் ஆகியவை இந்த வகை. 

மற்றொன்று, வேதிமாற்றத்தால் வரும் சிதைவு. கார் ஓடினாலும் நின்றாலும் இது நடந்துகொண்டே இருக்கும். ரப்பர், பிளாஸ்டிக், பிரேக் எண்ணெய், கூலண்ட், பேட்டரி ஆகியவை இந்த வகை.

மீட்டர் முதல் வகையை மட்டுமே காட்டுகிறது. இரண்டாம் வகைக்கு மீட்டர் கிடையாது. பதிவு செய்த தேதிதான் உண்டு. பராமரிப்புக் கையேட்டில் ‘இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முன்னதோ அது’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரைச் செய்தவர்களே இரண்டு எண்களையும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

கிலோமீட்டரை மணியாக மாற்றுவோம்

மண் தோண்டும் இயந்திரத்தை விற்பவரிடம் ‘எத்தனை கிலோமீட்டர் ஓடியது?’ என்று யாரும் கேட்பதில்லை. ‘எத்தனை மணி நேரம் ஓடியது?’ என்றுதான் கேட்பார்கள். காரின் எஞ்சினுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். போக்குவரத்து நெரிசலில் கார் நின்றாலும் எஞ்சின் சுழல்கிறது. மீட்டர் மட்டும் நகர்வதில்லை.

முதல் கார் நகருக்குள்ளேயே ஓடியது. சமிக்ஞை விளக்கு, நெரிசல் எல்லாம் சேர்த்துச் சராசரி வேகம் மணிக்கு 22.5 கிலோமீட்டர் என்று கொள்வோம்.

45,000 ÷ 22.5 = 2,000 மணி நேரம்.

இரண்டாவது கார் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடியது. சராசரி வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர்.

140,000 ÷ 70 = 2,000 மணி நேரம்.

மீட்டரில் மூன்று மடங்கு வித்தியாசம் தெரிகிறது. ஆனால் இரண்டு எஞ்சின்களும் ஒரே அளவு நேரம்தான் உழைத்திருக்கின்றன.

எத்தனை முறை முடுக்கப்பட்டது?

அடுத்த கணக்கு இன்னும் முக்கியமானது. முதல் காரின் ஒரு பயணம் சராசரியாக 7.5 கிலோமீட்டர் என்றால், அது 6,000 முறை முடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது காரின் ஒரு பயணம் 50 கிலோமீட்டர் என்றால், 2,800 முறை மட்டுமே.

எஞ்சின் ஓடும்போது சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையில் மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. முடுக்கிய முதல் நொடிகளில் எண்ணெய் அழுத்தம் இன்னும் ஏறியிருக்காது. அப்போதுதான் உலோகங்கள் உரசுகின்றன. நம் நாட்டில் பனிக்காலம் இல்லாததால் இந்தத் தேய்மானம் குளிர்நாடுகளைவிடக் குறைவு. ஆனாலும் இல்லாமல் போய்விடவில்லை.

குறும்பயணத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து எஞ்சின் எண்ணெயில் கலக்கும். நீண்ட பயணத்தில் எண்ணெய் நன்றாகச் சூடேறி அந்த ஈரத்தை வெளியேற்றிவிடும். ஏழெட்டு கிலோமீட்டரிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டால் ஈரமும் எரியாத பெட்ரோலும் எண்ணெயிலேயே தங்கும். நாளடைவில் அமிலமும் கசடும் சேரும்.

எனவே, ‘குறைவாக ஓடியது’ என்பதும் ‘குறைவாகத் தேய்ந்தது’ என்பதும் ஒன்றல்ல.

ரப்பர் நமக்குச் சொல்லும் பாடம்

பால்மரம் வெட்டிய தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம். பழைய ரப்பர் வளையத்தை இழுத்தால் பட்டென்று அறுந்துபோவது நமக்குப் புதிதல்ல. ரப்பர் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலி. 1839-ல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி அந்தச் சங்கிலிகளைப் பிணைக்கும் வழியைக் கண்டார். அதனால்தான் ரப்பருக்கு இழுபட்டு மீளும் வலு வந்தது. ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அந்தச் சங்கிலிகளை மெல்ல மெல்லத் தாக்குகின்றன. ரப்பர் இறுகும், வெடிக்கும்.

டயரில் இதைத் தடுக்க ஒருவகை மெழுகு சேர்ப்பார்கள். டயர் சுழன்று நெளியும்போது மெழுகு மேற்பரப்புக்கு வந்து காப்புறையாகப் படியும். மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் காருக்கு அந்தப் பாதுகாப்பு சரியாகக் கிடைக்காது.

வெப்பம் இந்தச் சிதைவை விரைவுபடுத்துகிறது. வெப்பநிலைக்கும் வேதிவினையின் வேகத்துக்கும் உள்ள தொடர்பை ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஸ்வாந்தே அரேனியஸ் 1889-ல் சமன்பாடாக எழுதினார். அதிலிருந்து பிறந்த எளிய கைக்கணக்கு இது: 10 டிகிரி செல்சியஸ் கூடினால் வினையின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும். 20 டிகிரி கூடினால் நான்கு மடங்கு. வீட்டுக் கூரையின்கீழ் நின்ற காரும் பகல் முழுதும் வெயிலில் நின்ற காரும் ஒரே வயதாக இருந்தாலும் ஒரே அளவு முதுமை அடைந்திருக்காததற்குக் காரணம் இதுதான். ஆகவே, ‘கார் எங்கே நிறுத்தப்பட்டது?’ என்பதும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

சொகுசு காரில் வயது ஏன் கூடுதலாகக் கடிக்கும்?

சாதாரணக் காரைவிடச் சொகுசு காரில் வேதிமாற்றத்தால் கெடும் பாகங்கள் அதிகம். அதிர்வே தெரியாமல் இருக்க எஞ்சின் மௌன்டிங்கும் சஸ்பென்ஷன் புஷ்களும் மென்மையான ரப்பரால் செய்யப்படுகின்றன. சில மாடல்களில் ஏர் சஸ்பென்ஷன் உண்டு. அதில் காரின் எடையைத் தாங்குவதே காற்றடைத்த ரப்பர்ப் பைகள்தாம். கூலண்ட் ஓடும் குழாய்களும் இணைப்புகளும் பல மாடல்களில் பிளாஸ்டிக். சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து அவை நொறுங்கும் தன்மையை அடைகின்றன.

பிளக்-இன் ஹைபிரிட் கார்களில் மேலும் ஒன்று சேரும். பிஎம்டபிள்யூ 330இ, மெர்சிடிஸ் சி350இ போன்றவை 2016-க்குப் பின் நம் சாலைகளில் பெருகின. இன்று பழைய கார்ச் சந்தையில் நிற்கின்றன. இவற்றின் லித்தியம் அயன் பேட்டரி, மின்னேற்றி இறக்கும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொள்ளளவை இழக்கும். சும்மா நின்றாலும் காலப்போக்கில் இழக்கும். வெப்பத்தில் இன்னும் வேகமாக இழக்கும். 

இங்கே ஒரு பொருளாதார உண்மையையும் மறக்கக்கூடாது. 300,000 ரிங்கிட் காரின் விலை 120,000-க்கு இறங்கலாம். அதன் உதிரிபாகங்களின் விலை அப்படி இறங்குவதில்லை. நீங்கள் வாங்குவது 120,000 ரிங்கிட் கார்; பராமரிக்கப்போவது 300,000 ரிங்கிட் கார்.

அதிக ஓட்டத்தையும் எளிதாக எண்ணவேண்டாம்

இதைப் படித்துவிட்டு 140,000 கிலோமீட்டர் காரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடக் கூடாது. நெடுஞ்சாலை ஓட்டம் எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் இதமானது. ஆனாலும் பேரிங்கும் அப்சோர்பரும் சுழன்ற, குலுங்கிய ஒவ்வொரு கிலோமீட்டரையும் உணரும்.

கியர்ப்பெட்டி எண்ணெயைக் கேளுங்கள். ‘ஆயுள் முழுதும் மாற்றத் தேவையில்லை’ என்று சிலர் சொல்வார்கள். பல சொகுசு கார்களுக்குத் தானியங்கி கியர்ப்பெட்டி செய்துதரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளில் அதை மாற்றச் சொல்கிறது. நம் இரண்டாவது கார் கிலோமீட்டரால் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. முதல் கார் வயதால் அதே எல்லையைத் தொட்டுவிட்டது!

மீட்டர் திருப்பப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். மீட்டரில் 45,000 இருந்து, ஸ்டியரிங்கின் தோல் வழவழப்பாகி, பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் அமுங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு சர்வீசின்போதும் தேதியோடு எழுதப்பட்ட கிலோமீட்டர் எண்கள்தாம் நம்பத்தகுந்த சாட்சி. உரிமை மாற்றத்துக்கான புஸ்பாகோம் சோதனையில் தேறியதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அது காரின் அடையாளத்தையும் பாதுகாப்பையும் பார்ப்பது. எஞ்சினுக்குள் கசடு இருக்கிறதா என்று திறந்து பார்ப்பதில்லை.

அப்படியானால் எது?

இரண்டு காரையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த அளவுகோல் பணம்தான். நம்பிக்கையான பட்டறைக்காரரிடம் இரண்டு காரையும் காட்டி, ‘அடுத்த இரண்டு ஆண்டுகளில் எதையெல்லாம் மாற்ற வேண்டிவரும்?’ என்று பட்டியல் கேளுங்கள். 

காரின் விலை + அந்தப் பட்டியலின் செலவு = உண்மை விலை.

முதல் காரின் பட்டியலில் டயர், புஷ், மௌன்டிங், கூலண்ட் குழாய்கள் இருக்கலாம். இரண்டாவது காரின் பட்டியலில் அப்சோர்பர், டிஸ்க், சக்கர பேரிங் இருக்கலாம். எதன் உண்மை விலை குறைவோ அதுவே மலிவான கார். ஏற்கெனவே இவற்றை மாற்றியதற்கு ரசீது இருந்தால் அந்தக் காருக்கு மதிப்பு கூடும். எட்டு வயதுக் கார் என்றாலும் ஆண்டுதோறும் எண்ணெய் மாற்றி, ரப்பர் பாகங்களைப் புதுப்பித்து வைத்திருந்தால் அது தங்கம்தான்.

பிறகு உங்கள் ஓட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் குறைவாக ஓட்டுபவர் என்றால் உராய்வுத் தேய்மானம் உங்கள் கையில் மெதுவாகவே நடக்கும். வயதோ யாருக்காகவும் நிற்காது. அப்படிப்பட்டவருக்கு, சர்வீஸ் பதிவுகள் முழுமையாக உள்ள ஐந்து வயதுக் கார் 140,000 ஓடியிருந்தாலும் ஏற்றதாக இருக்கும். வங்கிக் கடன் வாங்குபவருக்கும் வயது குறைந்த காரே வசதி. கார் பழையதாக ஆக, கடன் தவணைக் காலம் சுருங்கும். இரண்டு காரிலுமே பதிவுகள் இல்லையென்றால் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது காரைத் தேடுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

1. மீட்டர் எண்ணைக் காரின் வயதால் வகுங்கள். ஆண்டுக்கு 10,000 முதல் 20,000 கிலோமீட்டர் என்றால் இயல்பு. அதற்கு மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் காரணம் கேளுங்கள்.

2. டயரின் பக்கச் சுவரில் டாட் என்னும் குறியீட்டின் முடிவிலுள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் வயதான டயர் வயதான டயரே.

3. பிரேக் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கேமரன் மலையிலிருந்து இறங்கும்போது எண்ணெய் கொதித்தால் மிதி உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய இதை, ‘கார் ஓடவே இல்லையே’ என்று விட்டுவிடுபவர்கள் பலர்.

இந்த மூன்றுக்கும் கருவி எதுவும் தேவையில்லை. பத்து நிமிடம் போதும். முன்பணம் கட்டுமுன் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடுங்கள்.