வரிக்கு ஒரு வாசல், பஸ்ஸுக்கு ஒரு வாசல்

கேள்வி: வீட்டு வரி கூடிவிட்டது, இரவில் திண்டுக்கல்லிலிருந்து ஊர் திரும்பப் பஸ் போதவில்லை. யாரிடம் முறையிடுவது? (வாசகர், எரியோடு)

பதில்: வரிக்குப் பேரூராட்சி. 2022 ஏப்ரல் உயர்வு, 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 சதவீதம். 1,800-ஐத் தாண்டினால் 100 சதவீதம். உங்கள் வீட்டின் அளவைத் தவறாகப் பதிந்திருந்தால் செயல் அலுவலரிடம் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாய்வார்த்தை நிற்காது.

பஸ் விடுவது பேரூராட்சியல்ல, அரசுப் போக்குவரத்துக் கழகம். திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம். 'பஸ் வேண்டும்' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த நேரம், எத்தனை பேர், குறிப்பாக மில் ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள், காத்து நிற்கிறார்கள் என்று எழுதி, அவர்களையே கையெழுத்திடச் சொல்லுங்கள். உங்கள் கவுன்சிலரையும் உடன் அழைத்துப் போங்கள்.