ஐரோப்பியப் பயணத்தில் போன்: ரோமிங்கா, உள்ளூர் சிம்மா, இ-சிம்மா?

பாரிஸ், சூரிக், ரோம், கடைசியில் லண்டன் என்று சுற்றுலா கிளம்புகிறவர்கள் பேக் விலைகளை ஒப்பிடும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டாரோடு மட்டும் பேசினால் போதுமா? ஓட்டல், டாக்சி, ஆஸ்பத்திரி என்று அந்த ஊர் எண்களையும் கூப்பிட வேண்டியிருக்குமா?

இந்திய சிம்மிலேயே ரோமிங் பேக் போட்டுக்கொண்டால் இறங்கியதும் போன் வேலை செய்யும். வீட்டில் இருப்பவர்கள் பழைய எண்ணிலேயே கூப்பிடலாம். போனில் எதையும் மாற்றத் தெரியாத அப்பா அம்மா தனியாகப் போகிறார்கள் என்றால் காசு பார்க்காமல் இதையே போட்டுக்கொடுங்கள். மற்றவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். பல பேக்குகளில் வருகிற அழைப்புக்கும் நிமிடம் கழியும். லூவர் வாசலில் நிற்கும் கணவர் உள்ளே இருக்கும் மனைவியைக் கூப்பிட்டால்கூட, இருவரிடமும் இந்திய சிம் என்றால் அது இந்தியாவுக்குப் பேசிய கணக்கில்தான் சேரும். எடுத்துப் பேசுகிற மனைவிக்கும் தனியாகக் கழியும்.

உள்ளூர் சிம்முக்குப் பெரிய பலம் ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரு நாட்டில் வாங்கிய சிம், மற்ற ஒன்றிய நாடுகளிலும் உள்நாட்டுக் கட்டணத்திலேயே இயங்க வேண்டும் என்ற விதி 2017 ஜூன் 15 முதல் நடப்பில் இருக்கிறது. பாரிஸில் வாங்கியது ரோமிலும் ஓடும். நம்மவர்கள் ஏமாறுவது சுவிட்சர்லாந்தில்தான். அது ஒன்றியத்தில் இல்லை. பிரிட்டனும் வெளியேறிவிட்டது. ரயில் எல்லையைத் தாண்டியதும் போன் தானாகவே சுவிஸ் டவரைப் பிடித்துக்கொள்ளும், பேலன்ஸ் கரையும். அதனால் வாங்கும்போதே இந்த இரண்டு நாடுகளின் பெயரும் திட்டத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், கேட்பார்கள்.

இ-சிம்மை வீட்டிலிருந்தே க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து ஏற்றிக்கொள்ளலாம், போன் அதை ஏற்குமானால். ஆனால் பயணிகளுக்கான இ-சிம்களில் பெரும்பாலானவை டேட்டா மட்டுமே தரும், எண் கிடையாது. வாட்ஸ்அப்புக்கு அது தாராளம். ஓட்டலின் லேண்ட்லைனைக் கூப்பிட உதவாது. அதற்குக் கைகொடுத்துவந்த ஸ்கைப்பும் 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது.

என் பரிந்துரை, இரண்டு சிம். இந்திய சிம்மைக் கழற்றவே கூடாது. வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். கிளம்பும் முன்பே ரோமிங்கை இயக்கச் சொல்லிவிட்டு, அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். இரண்டாவதாக, எண்ணோடு கூடிய ஐரோப்பிய சிம் அல்லது இ-சிம். வாட்ஸ்அப் எண்ணை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய எண்ணிலேயே தொடரும்.

அவசர உதவிக்கு ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் 112. சுவிட்சர்லாந்திலும் பிரிட்டனிலும்கூட அது வேலை செய்யும். வாட்ஸ்அப்பிலிருந்து அதைக் கூப்பிட முடியாது. ஜெர்மனியில் சிம் இல்லாத போனிலிருந்தும் போகாது.

எண்களைப் பிளஸ் குறியோடும் நாட்டுக் குறியீட்டோடும் சேமித்துக்கொள்ளுங்கள். பிரான்ஸ் எண்ணில் முதல் பூஜ்யத்தை விட்டுவிட்டு +33 போட வேண்டும். இத்தாலி லேண்ட்லைனில் மட்டும் பூஜ்யத்தை எடுக்கக் கூடாது. ரோம் ஓட்டலுக்கு +39 06 என்றுதான் தொடங்க வேண்டும்.