உருளைக்கிழங்கும் அம்மாவின் முழங்காலும்

ஹட்டன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. நீ போனில் அனுப்பிய அம்மாவின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தேன். முழங்கால் சில்லுக்குள் நெடுக்காக இரண்டு ஊசிக்கம்பி, முன்பக்கம் எட்டுப் போட்ட மாதிரி இன்னொரு கம்பி. நன்றாகத்தான் பொருத்தியிருக்கிறார்கள். "கம்பி போட்ட காலை மடக்கச் சொல்கிறார்களே, ஒட்டினது பிரிந்துவிடாதா?" என்று கேட்டிருந்தாய். ஏ.எல். உயிரியல் படிக்கிற பிள்ளை கேட்கவேண்டிய கேள்விதான்.

கொழுந்துக் கூடையின் கயிற்றுக்கு அடியில் அம்மா தலையில் துணியை மடித்து வைப்பாளே, சில்லு அந்த மடிப்பு மாதிரி. தொடைத்தசையின் நாண் முழங்காலைத் தாண்டி முன்னங்கால் எலும்பைப் பிடிக்கிறது. வழியில் சில்லு அதை முன்னால் தூக்கிக் கொடுப்பதால்தான் காலை நீட்டப் பலம் கிடைக்கிறது. அன்று கான் ஓரம் வழுக்கியபோது, விழாமலிருக்க அம்மா தொடையை இறுக்கியிருப்பாள். மடங்கிய முழங்கால் கல்லில் மோதிவிட்டது. சில்லு குறுக்கே இரண்டாக உடைய, மேல்துண்டைத் தசை மேலே இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் காலை மடக்காமல் தூக்கச் சொன்னபோது முடியாமல் போனது அதனால்தான். காலைத் தூக்க முடிந்து, துண்டுகளும் விலகாமல் இருந்திருந்தால் பிளாஸ்டரே போதும். 2, 3 மில்லிமீற்றருக்கு மேல் விலகிவிட்டால், பாட்டி சொல்லும் எண்ணெய்க் கட்டு அந்தத் தசையோடு மல்லுக்கட்ட முடியாது.

இப்போது ஒரு நுவரெலியாக் கிழங்கை எடு. குறுக்கே வெட்டி, திரும்பச் சேர்த்து, வெட்டு மேலே தெரிய ஒரு போத்தலின் மேல் வைத்து இரு முனையையும் கீழே அழுத்து. மேலே வாய் பிளக்கும். அடுத்து இரண்டு துண்டிலும் குச்சி குத்தி, மேல்பக்கமாக நூலை இழுத்துக் கட்டிவிட்டு அழுத்திப் பார். மேலே பிளக்க நூல் விடாது. அடிப்பக்கம் ஒன்றையொன்று நெருக்கும். எட்டுக் கம்பியின் வேலை அதுதான். அளவோடு மடக்கினால், பிரிக்க வந்த இழுவையே எலும்பைச் சேர்த்து அமுக்குகிறது.

சில்லுக்குக் கம்பி போடுவது புதிதல்ல. 1877 அக்டோபர் 26ஆம் தேதி லண்டனில் ஜோசப் லிஸ்டர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் உடைந்த சில்லொன்றை வெள்ளிக் கம்பியால் கட்டினார். நம் மலைகளில் கோப்பியை இலைநோய் தின்றுகொண்டிருந்த காலம். மூட்டைத் திறந்தால் சீழ் பிடித்து உயிரே போகும் என்று பயந்த நாளில், கார்பாலிக் அமிலத்தை நம்பித் திறந்தார். துணிச்சல்காரர்! அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. தையல் போட்ட இடத்தில் பச்சிலை எதுவும் வைக்கவிடாதே. காய்ச்சல், சிவப்பு, சீழ், கெண்டைக்கால் வீக்கம், எதைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ.

எலும்பு ஒட்டப் பொதுவாக 6 முதல் 12 கிழமை ஆகும். தொடைத்தசை அதற்குள் மெலிந்துவிடும். அதைத் திரும்ப ஏற்றத்தான் மாதக்கணக்கு. முழங்காலுக்கு அடியில் துவாயைச் சுருட்டி வைத்து, அதை அமுக்கி ஐந்து எண்ணச் சொல். எவ்வளவு மடக்கலாம் என்பதை டாக்டரும் பிசியோவும்தான் சொல்லவேண்டும். சில்லின் மேல் சதை இல்லாததால் கம்பி முனை பிறகு உறுத்தலாம், அப்படியானால் ஒட்டியபின் எடுத்துவிடுவார்கள்.

எனக்குக் கவலை லயத்துப் படிதான். ஏறுவதைவிட இறங்கும்போதே சில்லு அதிகம் நெருக்குப்படும், குந்தினால் அதைவிட அதிகம். கக்கூசுக்கு நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி ஒன்று செய்யச் சொல்லி அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். மலைக்கு எப்போது திரும்புவது என்று கணக்கப்பிள்ளை கேட்டால், டாக்டர் துண்டைக் காட்டு.

அடுத்த கிளினிக்கில் எத்தனை பாகை மடங்கியது என்று கேட்டு எழுது. கிழங்கைக் கறிக்குப் போட்டுவிடு.

மாமா